மலாயாப் புலி தனி வகையா?



ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமாருக்குப் புலி ஏட்டில் படித்த விலங்கன்று. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போனவர்கள், காட்டோர நிரையில் அதன் தடத்தைக் கண்டால் தண்டலிடம் ஓடி வருவார்கள். அது எந்த வகைப் புலி என்று அவர்கள் கேட்டதில்லை. அறிஞர்களோ இன்றும் அதைப் பற்றித்தான் வாதாடுகிறார்கள்.

1758இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் புலிக்கு அறிவியல் பெயர் சூட்டினார். பின்வந்தவர்கள் தோலின் நிறத்தையும் வரிகளையும் மண்டையோட்டையும் பார்த்து வகை பிரித்தார்கள். ஒன்றிரண்டு தோலை வைத்துக்கொண்டு ஒரு நாட்டுப் புலிகளுக்கெல்லாம் இலக்கணம் எழுதியவர்களும் உண்டு! 1968இல் மசாக் என்ற செக் அறிஞர் இந்தோசீனப் புலியைத் தனி வகையாக்கி, அதற்கு வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் பெயரை வைத்தார். நம் புலியும் அதற்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

2004இல் சீன அறிஞர் லுவோ ஷு ஜின்னும் அவர் குழுவினரும் 134 புலிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, மலாயாத் தீபகற்பப் புலி தனி வகை என்றார்கள். புலிகளைக் காக்கப் பாடுபட்ட பீட்டர் ஜாக்சனின் பெயரால் அதை அழைத்தார்கள். இங்கே மனத்தாங்கல் எழுந்தது. நாட்டின் சின்னத்தில் நிற்கும் புலிக்கு மலாயாவின் பெயரே இருக்கட்டும் என்று நம் விலங்குக்காட்சிச் சாலைகளின் சங்கம் கேட்டது. நமக்கும் அது நியாயமாகவே படுகிறது.

பெயர்ச் சண்டை ஓய்வதற்குள் அடிப்படையே ஆட்டம் கண்டது. மண்டையோடுகளை அளந்த இருவர், இந்தோசீனப் புலிக்கும் நம் புலிக்கும் தெளிவான வேறுபாடு இல்லை என்று 2006இல் எழுதினார்கள். 2017இல் உலகப் பூனையின வல்லுநர் குழு, புலி இரண்டே வகை, பெருநிலத்துப் புலி, சுண்டாத் தீவுப் புலி என்று சுருக்கிவிட்டது. அதன்படி வங்கப் புலியும் நம் புலியும் ஒன்று. மறு ஆண்டே லுவோ குழுவினர் 32 புலிகளின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்து, ஆறு வகை, நம்முடையது தனிதான் என்றார்கள்.

இது வெறும் ஏட்டுச் சண்டையா? இந்தியாவில் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 3,682 புலிகள் இருந்தன. நம் நாட்டில் 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு. எல்லாம் ஒரே வகை என்றால், இங்கே அற்றுப்போனாலும் அங்கிருந்து கொண்டுவந்து விடலாமே என்று ஒருவர் சொல்லக்கூடும். தனி வகை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கிரிக்கைத் தாண்டினால் பெலும் காடு. 2007இல் அது மாநிலப் பூங்காவாயிற்று. கம்பிக் கண்ணிக்குத் தப்பிய புலிகள் அங்கே தானியங்கிக் கேமராக்களில் பதிவாகின்றன. ஒவ்வொன்றையும் அதன் வரிகளைக் கொண்டே அடையாளம் காண்கிறார்கள். எந்த இரு புலிகளுக்கும் வரிகள் ஒன்றாக இருப்பதில்லை.