வீட்டுப் பட்டறையில் பிறந்த வேகக் கார்

1914-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது; கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்னும் நீராவிக் கப்பல்கள் அதில் ஓடின. அவ்வழியே கடல் கடந்த பொருள்களுள் மோட்டார் வண்டியும் ஒன்று. பாம்பன் கடவைக்கு ரயிற்பாலம் மட்டுமே இருந்து, தெருப்பாலம் 1988-இல்தான் திறக்கப்பட்டமையால், இந்தியாவாகிய அக்கரையில் எத்துணைச் செல்வரின் காரும் தன் சக்கரங்களால் தனுஷ்கோடி அமைந்த இராமேசுவரத் தீவை அடைந்ததில்லை. தலைமன்னார் இறங்குதுறையில் மண்ணைத் தொட்ட பின்னரே அது மீண்டும் வாகனமாயிற்று.

அக்காலத்து உலக வீதிகளில் பெரும்பான்மையாய் ஓடியது ஃபோர்ட் கம்பெனியின் ‘டி’ மாதிரிக் கார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் வார்த்தெடுக்கப்பட்ட அந்த எளிய வண்டிக்கு இருபது குதிரைச் சக்தி. மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்து மைல் அதன் வேக எல்லை. இதனைக் கொண்டு பந்தயக் கார் செய்யலாம் என்று எண்ணியவர்களுள் பலர் சிற்றூர்க் கராஜ்காரரும் இயந்திர மோகங்கொண்ட வாலிபருமே. கூரை, கதவு, பின்னாசனம், மட்காட் யாவற்றையும் கழற்றியெறிந்து, எஞ்சிய அடிச்சட்டத்தைத் தாழ்த்தி, ஸ்டியரிங் தண்டைச் சரித்து, இரண்டு குழிவான ஆசனங்களையும் அவற்றின் பின்னே பீப்பாய் போன்ற எண்ணெய்த் தொட்டியையும் பொருத்திவிட்டால், அதுவே ‘ஸ்பீட்ஸ்டர்’. சேர்த்ததைக் காட்டிலும் நீக்கியதனாலேயே வேகம் பெற்ற வாகனம் அது.

கைப்பணம் உள்ளவர்கள் எஞ்சினின் தலைப்பாகத்தையும் மாற்றினர். செவ்ரொலே சகோதரர் செய்த ‘ஃபிரான்டினாக்’ தலைகள் இதில் பெயர் பெற்றவை. அத்தகைய ஃபோர்ட் ஒன்று 1923-இல் இந்தியானாபொலிஸ் ஐந்நூறு மைல் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்து, விலையுயர்ந்த பல கார்களை வெட்கப்பட வைத்தது. ஆனால் வேகத்தைப் பெருக்கியவர்களுள் பலர் பிரேக்கைப் பெருக்க மறந்தார்கள். ‘டி’ மாதிரியின் முன்சக்கரங்களுக்குத் தடுப்பே கிடையாது. கால்மிதி இழுத்துப் பிடிப்பது கியர்ப் பெட்டியினுள் சுழலும் உருளையை மட்டுமே. அவ்வாலிபர்களின் துணிவை வியப்பதா, அவர்தம் தாய்மாருக்காக இரங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்திலும் இந்த மோகம் இல்லாமலில்லை. நுவரெலியா மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் 1934 முதல் நடந்துவருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், போருக்கென அமைத்த விமான ஓடுபாதைகளே பந்தயக்காரருக்கு வாய்த்தன: இங்கே களுத்துறையை அடுத்த கட்டுகுருந்த, அக்கரையில் சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரம். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1952-இல் இரண்டாயிரம் ரூபாயில் அடங்கும் இருவர் கார் ஒன்றைச் செய்துகாட்டினார்; சர்க்கார் உத்தரவு கிடைக்காமையால் அம்முயற்சி அத்துடன் நின்றது. அது வேகக் காரன்று எனினும், கம்பெனி முத்திரை இல்லாமலே ஒருவன் கார் கட்டலாம் என்னும் அதே அபிமானத்தின் விளைவுதான்.

இன்னும் அண்மைக் காலத்து உதாரணம் நம் இலங்கையின் வடபுலத்திலேயே உண்டு. 1990-களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருமையாகிவிட்டபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை நம் மெக்கானிக்மார் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சிறு போத்தலில் பொன்போல் காத்த பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்குள் பீச்சி, எஞ்சின் உயிர்பெற்றுச் சூடேறிய பின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவார்கள்; வெண்புகையும் நெடியுமாய்க் கார் நகரும். தொழிற்சாலை வகுத்த விதியை வீதியோரத்தில் திருத்தியெழுதும் இந்தச் சாமர்த்தியமும் ஸ்பீட்ஸ்டர் கட்டியவனின் சாமர்த்தியமும் ஒரே குலத்தவை. முன்னதற்கு உந்துதல் நிர்ப்பந்தம், பின்னதற்கு உல்லாசம், வித்தியாசம் அவ்வளவே.

பழைய ஸ்பீட்ஸ்டர்கள் இன்றும் விலைக்கு வருகின்றன. வாங்க முனைவோன் இங்கேதான் விழிப்பாயிருத்தல் வேண்டும். கம்பெனிக் காருக்கு வம்சாவளி உண்டு. வீட்டில் கட்டியதற்கு அது இல்லை. விளம்பரத்தில் காணும் ஆண்டு பெரும்பாலும் எஞ்சினின் ஆண்டு. இடப்பக்கத்தில், தண்ணீர் நுழையும் வாய்க்குச் சற்று மேலே குத்தியிருக்கும் இலக்கம், எஞ்சின் எப்போது பிறந்தது என்பதைச் சொல்லுமேயன்றி, அதன்மேல் அமர்ந்த தகர உடல் 1922-இல் அடிக்கப்பட்டதா, சென்ற ஆண்டு அடிக்கப்பட்டதா என்பதைச் சொல்லாது. புதிதாய்க் கட்டியதைப் புதிதென்றே சொல்லி விற்பதில் குற்றமில்லை. செம்மையாய்க் கட்டியிருந்தால் நல்ல விலை கொடுப்பதும் நியாயமே. பழையதென்று சாதிப்பவரிடம் மாத்திரம், பழைய புகைப்படமோ பதிவுப் பத்திரமோ உண்டா என்று கேட்க வேண்டும். ஒன்றுமில்லையெனில், குனிந்து திருகாணிகளைப் பார்க்கலாம்: தலையில் சிலுவைக் குறி வெட்டிய ஆணிகள் மோட்டார்த் தொழிலில் புகுந்தது 1930-களின் நடுவில்தான்.