கோயில் சோறு, கல்யாண மேளம்

"மேளம் சொல்லியாச்சா?" என்ற கேள்வி கல்யாண வீட்டில் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே எழுந்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதற்கு விடை சொல்ல ஒருவர் வித்துவான் வீட்டுக்குப் போவார். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைத்து, நாளைச் சொல்லிவிட்டு வருவார். சிங்கப்பூரில் அதே கேள்வியோடு கிளம்புகிறவர் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் கோயில். நாயனக்காரரும் தவில்காரரும் அங்கே வேலையில் இருக்கிறார்கள்; பூஜைக்கு நடுவே, மண்டபத்துக்கும் வருகிறார்கள். பார்க்கச் சிறிய வேறுபாடுதான். ஆனால் சிங்கப்பூர்த் தமிழர் கல்யாணத்தில் மேளம் எப்படி வந்தது, எப்படி நிலைத்தது, இனி எதனால் நிலைக்கும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் பிற்காலத்தில் கல்யாணம்தான் கோயில் மேளத்துக்குச் சோறு போட்டது. சிங்கப்பூரில் கோயில்தான் கல்யாண மேளத்துக்குச் சோறு போட்டு வந்திருக்கிறது.

கோயில் இசைக்காரருக்குப் படியளப்பது பழைய வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, ஆடல் மகளிர் 400 பேரைக் குடியமர்த்தியதைச் சொல்லிவிட்டு, நட்டுவருக்கும் கருவி வாசிப்போருக்கும் உரிய பங்குகளையும் கணக்காக எழுதி வைத்திருக்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். பிற்காலத்தில் காவிரிக்கரை ஊர்களில் மேளக்காரருக்கு மானிய நிலம் இருந்தது. கோயிலில் வாசிக்கும் கடமையும் ஊர்க் கல்யாணங்களில் வாசிக்கும் உரிமையும் அந்த நிலத்தோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாக வந்தன. இனாம் ஒழிப்புச் சட்டங்கள், குறிப்பாக 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம், அந்த ஏற்பாட்டின் வேரை அசைத்தன. அதன்பிறகு முகூர்த்த மாதங்களின் வருமானமே பல குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் ஆயிற்று. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஓடி ஓடி வாசித்துச் சேர்த்ததை வைத்து, கல்யாணமே இல்லாத ஆடியையும் மார்கழியையும் கடக்க வேண்டும். பெரிய வித்துவான்கள் பெயர் கல்யாணப் பத்திரிகையில் தனி வரியாக அச்சானதும், திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையோ காருகுறிச்சி அருணாசலமோ வாசிக்கிறார் என்பதற்காகவே அழைக்காத ஊரும் திரண்டதும் இந்தச் சந்தையின் உச்சம்.

கடல் கடந்த சிங்கப்பூரில் அப்படி ஒரு சந்தை உருவாக முதலில் கல்யாணங்கள் நடக்க வேண்டும். 1819இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1855இல் சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில், 1859இல் டேங்க் ரோட்டில் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில் என்று அடுத்தடுத்து வந்தன. கோயில்கள் பெருகிய வேகத்தில் குடும்பங்கள் பெருகவில்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். கூலியாக, காவலாளியாக, வட்டிக்கடைக் கணக்கராக வந்தவர்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சிங்கப்பூர் இந்தியரிடையே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தார்கள். கல்யாணம் என்றால் அவர்களில் பலருக்கு ஊருக்குப் போவதுதான். இப்படிப்பட்ட ஊரில் முகூர்த்த வருமானத்தை நம்பி ஒரு மேளக்காரர் குடியேறியிருக்க முடியாது. கோயிலுக்கோ காலசந்தி முதல் அர்த்தசாமம் வரை நாள்தோறும் மேளம் தேவை. தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் கட்டாயம் தேவை. ஆகவே மேளம் இந்தத் தீவில் கோயில் ஊழியமாகத்தான் காலூன்றியது. கல்யாணம் பின்னால் வந்து அதில் சேர்ந்துகொண்டது. காலனிக் காலத்தில் மாரியம்மன் கோயிலே இந்துத் திருமணங்களை நடத்திப் பதிவு செய்யும் இடமாகவும் இருந்ததால், தாலி கட்டும் இடமும் மேளம் இருக்கும் இடமும் ஒன்றாகவே அமைந்தன.

பயணம் எளிதாக இருந்த காலம் ஒன்றும் உண்டு. ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடியது. நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் பின்னால் இருப்பதே மேளக்காரர் நாடு. திருவாரூரும் திருவாவடுதுறையும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கிவிடும். பிரிட்டிஷ் குடிமகன் டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறினால் போதும் என்றிருந்தவரை, மேளக்காரர் வேலை தேடியும் வந்திருக்கலாம், ஒரு கல்யாணத்துக்காக மட்டும் வந்துவிட்டும் போயிருக்கலாம். 1953இல் குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அந்தக் கதவு ஒடுங்கியது. இனி வருகிறவருக்கு இங்கே ஒரு முதலாளி வேண்டும். கல்யாண வீட்டுக்காரர் ஒரு நாள் முதலாளி. அவர் பெயரில் ஒருவரை ஆண்டுக்கணக்கில் இங்கே இருத்த முடியாது. அப்படி இருத்தக்கூடிய முதலாளி கோயில்தான். இன்றும் நாதஸ்வர, தவில் கலைஞர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கோயில் பெயரில் கிடைக்கும் அனுமதியோடுதான் பெரும்பாலும் வருகிறார்கள். ஆக, முகூர்த்தத்தில் எந்தத் தவில் ஒலிக்கும் என்பதில் கல்யாண வீட்டின் ரசனைக்குக் கொஞ்சம் பங்கும், குடிநுழைவு விதிக்கு அதைவிடப் பெரிய பங்கும் இருக்கிறது.

1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் முஸ்லிம் அல்லாத எல்லாருக்கும் ஒருதார மணத்தையும் திருமணப் பதிவையும் சட்டமாக்கியது. அதுவரை ஒரு கல்யாணம் நடந்ததற்கு ஊரறிந்த சாட்சி மேளம். தெருவே கேட்டது, ஆகவே தெருவே சாட்சி. சாட்சி வேலை பதிவேட்டுக்குப் போனபிறகு மேளம் மெல்ல மறைந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். அது மறையாததற்குக் காரணம், அதே பத்தாண்டில் வீட்டு வாசலில் நடந்த கல்யாணங்களும் கோயிலுக்குள் குடியேறியதுதான். சிராங்கூன் சாலையின் பெரும் வணிகர் பி. கோவிந்தசாமி பிள்ளையின் கொடையால் பெருமாள் கோயிலில் எழுந்த திருமண மண்டபம் 1965இல் திறக்கப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் குடும்பங்கள் கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளை விட்டு அடுக்குமாடிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. வாசலில் வாழைமரம் கட்டிப் பந்தல் போட இடமில்லாமல் போனபோது, கோயில் மண்டபம்தான் பந்தலாயிற்று. மண்டபத்தை எடுத்தவருக்கு அர்ச்சகரும் அங்கேயே, சமையற்கட்டும் அங்கேயே, மேளமும் அங்கேயே.

மேளம் ஒலிக்க இடம் கொடுப்பதும் கோயில்தான் என்பது கிராஞ்சிக்குப் போனால் கண்ணுக்கே தெரியும். தீவின் வடமேற்கு மூலையான கிராஞ்சியை அடுத்த சுங்கை காடுட்டில் ஸ்ரீ அரசகேசரி சிவன் கோயில் இருக்கிறது. சுங்கை காடுட் மரப்பட்டறைகளுக்கும் தளவாடக் கிடங்குகளுக்கும் பெயர்போன தொழிற்பேட்டை. கிழக்கே ஈசூன் தொழிற்பேட்டைக்குள் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலும் ஸ்ரீ மஹா மாரியம்மன் கோயிலும் அருகருகே நிற்கின்றன. வடக்குச் சிங்கப்பூரில் ரப்பர் தோட்டத் தொழிலாளரும் செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளரும் வழிபட்ட சிறு கோயில்கள் பல இருந்தன. தோட்டங்கள் போயின, 1971இல் பிரிட்டிஷ் படையும் போயிற்று. புதுநகரங்கள் எழுந்தபோது சில கோயில்கள் இடம் பெயர்ந்தன, சில மறைந்தன. எஞ்சியவற்றில் பல தொழிற்பேட்டைகளில் வந்து சேர்ந்தன. இது ஒதுக்கப்பட்டதற்கு அடையாளம் என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு. மேளத்தைப் பொறுத்தவரை மட்டும் நடந்தது வேறு. தவிலின் ஓசை அடுத்த புளோக்கின் ஜன்னல்களில் மோதினால் புகார் வரும். மரம் அறுக்கும் இடத்துக்கு அருகில் அந்தச் சிக்கல் குறைவு. நெருக்கமான நகரத்தில் ஒரு தவில் முழு வீச்சில் ஒலிக்கக்கூடிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பெரும்பங்கைத் தன் கூரைக்குக் கீழே காத்து வைத்திருப்பது கோயில்.

மேளத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது கோயில் அல்ல, ஒலிப்பதிவுதான் என்று ஒரு மறுப்பு வரலாம். இசைத்தட்டு வந்தது, கேசட் வந்தது, இப்போது கைப்பேசியில் மங்கல இசை கிடைக்கிறது. மேளம் குறைந்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டாக வீடுகளுக்குள் நுழைந்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. முகூர்த்த மேளத்தை அது வெளியேற்றவில்லை. காரணம் தாலி கட்டும் நேரத்தில் இருக்கிறது. நாயனக்காரர் சீவாளியை நாவால் நனைத்துப் பதப்படுத்திக்கொண்டு காத்திருக்கிறார். தவில்காரர் வலக்கை விரல்களில், துணியையும் பசையையும் சுற்றிக் காயவைத்துச் செய்த கூடுகளை மாட்டியிருக்கிறார், இடக்கையில் கழி. இருவர் கண்ணும் அர்ச்சகர் கைமேலேயே இருக்கும். தட்டில் வைத்த தாலி எல்லாரிடமும் ஆசி வாங்கி வந்து சேரத் தாமதமாகும். பெண்ணின் மாலை தடுக்கும். பின்னலை யாராவது ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். அர்ச்சகர் விரலை உயர்த்திக் "கெட்டிமேளம்" என்றதும் ஓடிக்கொண்டிருந்த ராகம் அந்த இடத்திலேயே அறுந்து, தவில் வெடித்துக் கிளம்புகிறது. மூன்றாவது முடிச்சு விழும் வரை அது ஓயாது. அபசகுனமான ஒரு சொல்லோ தும்மலோ அந்த நொடியில் காதில் விழக்கூடாது என்பது நம்பிக்கை. பதிவு செய்த இசையால் இப்படிக் காத்திருக்கவோ பாதியில் திரும்பவோ முடியாது. பொத்தானை அழுத்தி ஒப்பேற்றலாம், ஒப்பேற்றவும் செய்கிறார்கள். ஆனாலும் வாசிக்கிறவர் பத்தடி தூரத்தில் இருக்கும்போது பொத்தானை நாடுகிறவர் குறைவு. அந்தப் பத்தடி தூரத்தில் அவரை வைத்திருப்பது கோயில் சம்பளம்.

இரண்டாவது மறுப்புக்கு இன்னும் வலு உண்டு. உறுமி மேளக் குழுக்கள் இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களுடையவை. அவர்களுக்குக் குடிநுழைவு அனுமதி வேண்டாம், கோயில் சம்பளமும் வேண்டாம். மாப்பிள்ளை அழைப்பில் அவர்கள் அடிக்கும் அடியில் மண்டபமே அதிர்கிறது. அப்படியானால் கல்யாண இசை கோயிலை விட்டு வெளியே வந்துவிட்டதல்லவா? பாதி வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உறுமி இங்கே வளர்ந்தது காவடிக் குழுக்களில்தான், அதாவது கோயில் திருவிழாவில்தான். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கும் தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2016இல்தான் பாதையின் சில குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. தெரு மூடியிருந்த காலத்தில் அந்தக் கைகள் வாசிப்பதற்கு இருந்த இடங்கள் கோயில் வளாகமும் கல்யாண மண்டபமும் போன்றவைதான். மேலும் உறுமி மணமகனை வாசலிலிருந்து மணமேடைவரை கொண்டுவந்து விடுகிறது. மேடையில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. முகூர்த்தம் இன்னும் நாயனத்தின் கையில்தான்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். சாதி இழிவு சுமந்த ஒரு தொழிலை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பது அது. தமிழ்நாட்டில் மேளக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியும் நடந்தபடியும் பெரிய மனிதர் முன் வாசித்த காலம் வெகு தொலைவில் இல்லை. செட்டிநாட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்துவைத் தோள்துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்கக் கூடாது என்று சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி எதிர்த்து நின்றார். மு. கருணாநிதி சிறுவயதில் நாயனம் கற்கப் போய், அங்கே கண்ட இந்த அவமதிப்பால் விலகியதைப் பதிவு செய்திருக்கிறார். சட்டையும் கிராப்புமாக மேடையேறி உட்கார்ந்து வாசித்து, இந்த வழக்கத்தை உடைக்க வாழ்நாள் முழுதும் போராடியவர் ராஜரத்தினம் பிள்ளை. பெரியார் 1929இன் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன பிறகு, 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. சடங்கைக் கேள்வி கேட்கும் மரபு இந்த ஊர்த் தமிழருக்கும் உண்டு. சீர்திருத்தக்காரரின் சண்டை மேளத்தோடு அல்ல, மேளக்காரரை நடத்திய விதத்தோடுதான். அந்த வகையில் சிங்கப்பூர் ஒரு நல்லதைச் செய்தது: பிறப்பால் வந்த கடமையை மாதச் சம்பளமாக மாற்றியது. முழு விடுதலை அது என்று சொல்ல மாட்டேன். ஒரே முதலாளியின் பெயரில் அனுமதி பெற்று வந்தவர் அவரை விட்டு எளிதில் வேறிடம் போக முடியாது. குரல் உயர்த்தினால் கிடைப்பது திரும்பிப் போகும் டிக்கெட்டாகவும் இருக்கலாம். பழைய ஊரில் நிலம் கட்டிப்போட்டது. இங்கே கட்டிப்போடுவது ஒரு வேலை அனுமதி அட்டை.

கல்யாண மேளத்தின் இந்தக் கோயில் சார்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2020 காட்டியது. எல்லை மூடியது, கோயில் கதவும் மூடியது, கல்யாணக் கூட்டம் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியது. நாயனத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு ஊத வழியில்லை. கோயில் மூடினால் கல்யாண மேளமும் நிற்கும் என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது. வருமானம் குறையும்போது கோயில் நிர்வாகம் முதலில் கைவைக்கக்கூடிய செலவும் மேளம்தான். தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் மின்சார மேளம் தானாக அடித்துக்கொண்டிருக்கிறது. அது இங்கே முழுமையாக இடம் பிடித்துவிட்டால், கல்யாணத்துக்கு மேளம் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

ஆகவே கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பூஜைக்கு வரும் வித்துவானைக் கொண்டே, இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, எந்தச் சாதி என்று கேட்காமல், வாரம் ஒரு வகுப்பு நடத்துங்கள். உறுமி அடிக்கத் திரளும் இளைஞர்களிடம் தாளத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாண வீட்டாருக்கும் ஒன்று: மண்டபக் கட்டணத்தோடு மேளக் கட்டணத்தையும் கட்டிவிட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். வாசிக்கப் போகிறவரின் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து பத்திரிகையில் ஒரு வரி போடுங்கள். சாப்பாட்டுப் பந்தியில் அவருக்கு முதலில் இலை போடுங்கள். சன்மானத்தைத் தாம்பூலத்தோடு அவர் கையிலேயே கொடுங்கள்.