ஏலக்காரரின் நாணயம்

குதிரை வியாபாரியின் வாக்கை நம்பி மோசம்போன கதைகள் குதிரை இருந்த தேசங்களிலெல்லாம் உண்டு. பாண்டியனுடைய பொக்கிஷத்துடன் குதிரை வாங்கப் போன வாதவூரருக்காகச் சொக்கநாதரே குதிரைச் சேவகராக எழுந்தருளி, கயிறு மாறிக் கொடுத்த பின்பு குதிரைகளுக்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று பேசி முடித்துச் சென்றதும், அன்றிரவே அத்தனை பரிகளும் நரிகளாகி ஓடியதும் திருவிளையாடல் அறிந்தவர்களுக்குத் தெரிந்தவையே. இறைவனுக்கு அது லீலை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ அது அன்றாட வியாபாரம். கிழக்குதிரையின் பல்லில் குழி தோண்டிச் சூடு வைத்து வயதைக் குறைத்துக் காட்டுவதும், ஒரு கால் நொண்டும் குதிரைக்கு நல்ல காலிலும் வலி உண்டாக்கி நடையைச் சமப்படுத்திவிடுவதும், சோம்பிய பிராணியின் வாலடியில் இஞ்சித் துண்டைச் செருகி அதைத் துள்ளும் பரியாகக் காட்டுவதும் அந்தச் சந்தைகளில் கைவந்த கலைகள். மற்ற விவகாரங்களில் மானத்தை உயிரினும் பெரிதாக மதித்த கனவான்கள்கூட, குதிரை விற்கும்போது சிநேகிதனை ஏமாற்றுவதைப் பாபமாகக் கருதவில்லை.

இப்படிப்பட்ட தொழிலில் புகுந்து, தம் பெயரையே நம்பிக்கைக்கு ஓர் அடையாளமாக விட்டுச் சென்றவர் ரிச்சர்ட் டாட்டர்சால். 1724-ஆம் ஆண்டு லங்காஷயர் பிரதேசத்தில், பர்ன்லி நகருக்கு அருகிலுள்ள ஹர்ஸ்ட்வுட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். கம்பளி வியாபாரம் செழித்த பிரதேசம் அது. வாலிபனுக்கோ மனம் முழுவதும் குதிரையின் மேலேயே இருந்தது. 1745-இல், இருபத்தொரு வயதில், அவர் லண்டனுக்கு வந்தார்; சில காலத்துக்குள் கிங்ஸ்டன் கோமகனுடைய குதிரை லாயங்களை மேற்பார்க்கும் அதிகாரியாக அமர்ந்தார். பிரபுக்களின் லாயம் ஒன்றை நிர்வகிப்பது என்பது புல்லும் கொள்ளும் கணக்குப் பார்க்கும் வேலை மாத்திரம் அன்று. எந்தப் பிரபு கடனில் மூழ்கியிருக்கிறார், எவர் தம் குதிரைகளை விற்க வேண்டிய நிலையில் இருக்கிறார், எவருடைய சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பனவெல்லாம் லாயத்தின் வாயிலிலேயே தெரிந்துவிடும். பிற்காலத்தில் அவர் நடத்திய தொழிலுக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை இருந்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1766-இல் ஹைட் பார்க் முனையில், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்குப் பின்புறம் கிடந்த நிலத்தை, குரோவனர் பிரபுவிடமிருந்து 99 வருஷக் குத்தகைக்கு அவர் எடுத்தார். இன்று லண்டனின் மத்தியில் விலைமதிப்பற்றதாக விளங்கும் அந்த இடம் அக்காலத்தில் நகரத்தின் எல்லை. அதற்கு அப்பால் வயல்களும் தோட்டங்களுமே. அங்கே லாயங்களும், வண்டிகள் நிறுத்தும் கொட்டகைகளும், ஏலம் கூறும் முற்றமும் எழுந்தன. சவாரிக் குதிரை, வண்டிக் குதிரை, பந்தயக் குதிரை, வேட்டை நாய்கள், பிரபுக்கள் கழித்துவிட்ட கோச்சு வண்டிகள் யாவும் அங்கே விலைபோயின. திங்கட்கிழமை என்றால் ஏல நாள் என்று நகரமே அறிந்திருந்தது.

ஏலக்காரரின் நிலைமையில் ஒரு விசேஷம் உண்டு. சந்தைத் தரகன் குதிரையைத் தானே வாங்கித் தானே விற்கிறான். ஆகவே வாங்கும்போது குறை சொல்வதும் விற்கும்போது குறையை மறைப்பதும் அவனுக்கு ஜீவனோபாயம். ஏலக்காரரோ பிறர் குதிரையைப் பிறருக்கு விற்று, நடுவில் தரகு மாத்திரம் பெறுகிறார். இன்றைய ஒரு குதிரையில் கிடைக்கும் அற்ப லாபத்தைவிட, அடுத்த திங்கட்கிழமையும் அதே பிரபு அதே முற்றத்துக்குத் திரும்பி வருவதே அவருக்குப் பெரிய லாபம். இதை முதலில் உணர்ந்தவர் டாட்டர்சால் என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் அவருக்கு முன்பே குதிரை ஏலம் கூறியவர்கள் இருந்தார்கள். ஆனால் உணர்ந்தபடி சலியாமல் நடந்து காட்டியவர் அவர். விலைக்கு வரும் குதிரையை முன்னதாகவே லாயத்தில் சோதித்துப் பார்க்கலாம். குறையற்றது என்று உறுதி கூறி விற்ற குதிரையில் குறை தெரிந்தால், குறிப்பிட்ட தவணைக்குள் திருப்பிக் கொண்டுவந்து விடலாம் என்பது இவ்வகை ஏலங்களில் நிலைபெற்ற வழக்கம். கயிறு மாறிய பின்பும் விற்றவனுக்குப் பொறுப்பு உண்டு என்று ஆயிற்று.

தரகு வாங்கிய முறையும் விநோதமானது. அந்நாளில் கின்னி என்ற தங்கக் காசு 21 ஷில்லிங் பெறும். ஒரு பவுனுக்கோ 20 ஷில்லிங். ஏலத்தில் கேள்வி கின்னியில் நடக்கும். குதிரையின் சொந்தக்காரருக்குக் கின்னி ஒன்றுக்கு ஒரு பவுன் வீதம் போய்ச் சேரும். மிஞ்சிய ஒரு ஷில்லிங் ஏலக்காரருக்கு. நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கை இவ்வளவு எளிதாகவும் எல்லோரும் காணும்படியாகவும் அமைத்த வழக்கத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

பந்தய விளையாட்டு ஒழுங்குபெற்று வந்த காலம் அது. ஜாக்கி கிளப் என்ற பிரபுக்களின் சங்கம் அந்நூற்றாண்டின் மத்தியில் தோன்றியிருந்தது. 1780-இல் டெர்பி பந்தயம் ஆரம்பித்தது. 1791-இல் உயர்சாதிக் குதிரைகளின் வம்சாவளிப் புத்தகம் அச்சேறியது. டாட்டர்சால் தம் இடத்தில் சந்தாதாரர்களுக்கென ஓர் அறையை ஒதுக்கினார். பந்தயப் பணத்தைக் கொடுக்கவும் வாங்கவும் கனவான்கள் அங்கே கூடினார்கள். முற்றத்தில் தண்ணீர்ப் பம்பின் மேல் ஒரு நரிச் சிலையும், அதன் விதானத்துக்கு மேலே வேல்ஸ் இளவரசரின் மார்பளவுச் சிலையும் வீற்றிருந்தன. பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் என முடிசூடிய அந்த இளவரசர் கடன்களுக்குப் பெயர்போனவர். நரியும் அவரும் ஒரே தூணில் நின்ற பொருத்தத்தைப் பற்றி அக்காலத்து நகைச்சுவையாளர்கள் என்ன பேசினார்களோ!

பிறர் குதிரைகளை விற்றே பேர்வாங்கிய இம்மனிதருக்குப் பெருஞ்செல்வம் வந்தது தாம் விற்க மறுத்த ஒரு குதிரையால். 1774-இல் பிறந்து, ஓடிய பந்தயங்களில் தோல்வியே காணாத ஹைஃப்ளையர் என்ற குதிரை, சூதாட்டத்தால் நொடித்துப்போன போலிங்புரோக் பிரபுவுக்குச் சொந்தமாயிருந்தது. 1779-இல் அதை 2,500 பவுனுக்கு டாட்டர்சால் வாங்கினார். அந்நாளில் அது ஒரு ஜமீனையே வாங்கக்கூடிய தொகை. குதிரை இனி ஓட வேண்டியதில்லை. பொலிகுதிரையாக நின்றால் போதும். எக்லிப்ஸ் என்ற மகா பிரசித்தி பெற்ற குதிரையின் பெண்குட்டிகளோடு இதைச் சேர்த்துப் பிறந்த சந்ததி பந்தய மைதானங்களை ஆண்டது. நோபிள், சர் பீட்டர் டீஸில், ஸ்கைஸ்கிரேப்பர் என்ற மூன்று மக்கள் முறையே 1786, 1787, 1789-ஆம் ஆண்டுகளில் டெர்பியை வென்றனர். தலைசிறந்த தந்தைக் குதிரை என்ற ஸ்தானம் பதின்மூன்று வருஷங்களில் ஹைஃப்ளையருக்கே கிடைத்தது. ஈலி நகருக்கு அருகே டாட்டர்சால் கட்டிய மாளிகைக்கு ஹைஃப்ளையர் ஹால் என்றே பெயர். அங்கே இளவரசரும் அரசியல் தலைவர்களும் விருந்துண்டார்கள்; வீட்டுக்காரரின் போர்ட் மதுவுக்குத் தனிக் கீர்த்தி இருந்தது.

இங்கே ஓர் ஐயம் எழத்தான் செய்கிறது. தம் குதிரையின் மக்கள் விலைக்கு வரும் முற்றத்தில் தாமே சுத்தியல் பிடிப்பவர் நடுநிலையாளர்தானா? இக்காலத்து வக்கீல் ஒருவர் இக்கேள்வியைச் சும்மா விடமாட்டார். அக்காலத்தவர் பொருட்படுத்தவில்லை, அவர் எதையும் ஒளிக்கவில்லை என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. 1793-இல் குதிரை இறந்தபோது, அதனாலும் அதன் வழித்தோன்றல்களாலும் டாட்டர்சால் பெரும் பொருள் ஈட்டினார், அதை ஒப்புக்கொள்ள அவர் வெட்கப்படவும் இல்லை என்ற கருத்துப்பட அதன் சமாதியில் எழுதிவைத்தார்கள். செல்வத்தின் மூலம் இன்னது என்று கல்லில் வெட்டிவைக்கும் செல்வர்கள் எந்தத் தேசத்திலும் அபூர்வம்.

அவர் கைவைத்து நஷ்டப்பட்ட தொழில் ஒன்றும் உண்டு. மார்னிங் போஸ்ட் என்ற பத்திரிகைக்குச் சொந்தக்காரராகி, ஒரு சீமாட்டியைப் பற்றி அதில் வெளியான அவதூறுக்காக 1792-இல் ஆயிரக்கணக்கான பவுன் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தது. குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொன்னவருக்குப் பத்திரிகைக்காரர்களின் பேனாவைப் பார்த்துக் குணம் சொல்லத் தெரியவில்லை போலும்.

1795 பிப்ரவரியில் அவர் காலமானார். வழிப்பறிக்காரர்கள்கூடக் கிழவர் டாட்டர்சாலின் வண்டி என்று தெரிந்தால் மறிப்பதில்லை என்று ஒரு பேச்சு அவரைப் பற்றி வழங்கியது. மிகைப்படக் கூறியதாகவே இருந்தாலும், யாரைப் பற்றி உலகம் இப்படி மிகைப்படுத்துகிறது என்பது கவனிக்கத்தக்கது. மகன் எட்மண்ட் தொழிலை ஏற்றார். அவருக்குப் பின் அவர் சந்ததியார். 1865-இல் குத்தகை முடிந்ததும் ஏலச்சாலை நைட்ஸ்பிரிட்ஜுக்குப் பெயர்ந்தது. பின்பு பந்தயத்துக்குப் பேர்போன நியூமார்க்கெட்டிலேயே நிலைகொண்டது. நரிச் சிலையும் கூடவே போயிற்று. பந்தயப் பணம் கொடுக்காமல் ஏமாற்றுகிறவர்களின் வழக்குகளைத் தீர்க்கும் குழுவுக்கும், இங்கிலாந்தின் பந்தய மைதானங்களில் ஒரு வகுப்பு அடைப்புக்கும் டாட்டர்சால் பெயரே நிலைத்துவிட்டது. 1942-இல் சாமர்வில் டாட்டர்சால் இறந்ததோடு அக்குடும்பத்தின் கை அத்தொழிலிலிருந்து நீங்கியது. கின்னிக் காசு அச்சடிப்பது 1814-லேயே நின்றுபோயிற்று. ஷில்லிங்கும் 1971-இல் கணக்கிலிருந்து போய்விட்டது. ஆயினும் நியூமார்க்கெட் ஏலத்தில் இன்றும் கேள்வி கின்னியில்தான். வாங்குகிறவர் கின்னி ஒன்றுக்கு ஒரு பவுனும் ஐந்து பென்ஸும் எண்ணிவைக்கிறார்.