துணியா, டயப்பரா? ஒரு அழுக்கு மூட்டை கை மாறிய கதை

இந்த எபிசோடுல அரசர் இல்ல, போர்க்களம் இல்ல. குழந்தைக்கு இடுப்புல கட்டுற துணியைப் பத்திதான் பேசப்போறேன்.

குழந்தை பிறந்த வீட்டுல முதல் வாரத்திலேயே இந்த விவாதம் வந்துடும். பாட்டி பழைய வேட்டியைக் கிழிச்சு, துவைச்சு, மடிச்சு அடுக்கி வச்சிருப்பாங்க. பார்க்க வர்ற சொந்தக்காரங்க ஆளுக்கொரு டயப்பர் பாக்கெட்டோட வருவாங்க. எங்க வீட்டுலயும் இப்போ இதே பேச்சுதான். அதனாலதான் இந்த வரலாற்றைத் தேடிப் படிச்சேன். படிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் விடாமப் பிடிச்சுக்கிட்டேன்: குழந்தையோட அழுக்கு கடைசியில யார் கையில போய்ச் சேருது?

கதை பெரும்பாலும் அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் நடக்குது. 1849-ல் நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட் என்பவர் ஊக்குக்குக் காப்புரிமை வாங்கி, அதை 400 டாலருக்கு விற்றார். நாம சேஃப்டி பின் என்று சொல்றோமே, அதுதான். அதுக்கப்புறம் சுமார் நூறு வருஷம் பருத்தித் துணி, இரண்டு ஊக்கு, மேலே ஒரு ரப்பர் ஜட்டி. இதுதான் ஏற்பாடு. ரப்பர் ஈரத்தை வெளியே விடாது, காற்றை உள்ளே விடாது. குழந்தையோட தோல் சிவந்து புண்ணாகும். தினமும் ஒரு வாளி நிறையத் துணி சேரும். அதை ஊறவைக்கிறது, கொதிக்கவைக்கிறது, காயப்போடுறது எல்லாம் அம்மாவோட வேலை. வசதியானவங்களுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. 1930-களிலிருந்து அமெரிக்க நகரங்கள்ல டயப்பர் துணியை வாங்கிட்டுப் போய் வெளுத்துக் கொண்டுவரும் சலவை நிறுவனங்கள் வளர்ந்தன.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட இரண்டு பெண்கள், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமலே, இந்த வேலையைக் குறைக்க வழி தேடினாங்க.

ஒருவர் கனெக்டிகட்டில் இருந்த மரியன் டோனவன். அவர் அப்பா ஒரு கண்டுபிடிப்பாளர், தொழிற்சாலை நடத்தியவர். 1946-ல் மரியன் குளியலறைத் திரையை வெட்டி, தையல் மெஷினில் வைத்து, துணி டயப்பருக்கு மேலே போடும் உறை ஒன்றைத் தைத்தார். ஊக்கு வேண்டாம், பிரஸ் பட்டன் போதும். படகு மாதிரி இருந்ததால் 'போட்டர்' என்று பெயர் வைத்தார். கம்பெனிகள் கண்டுக்கல. அவரே தயாரித்து, 1949-ல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ கடையில் விற்பனைக்கு வைத்தார். 1951-ல் காப்புரிமை வந்தது. உரிமையை 10 லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்து, காகிதத்தில் செய்த, தூக்கி எறியும் டயப்பர் ஒன்றைக் கம்பெனிகளிடம் கொண்டுபோனார். யாரும் வாங்கிக்கல.

இன்னொருவர் இங்கிலாந்தில் ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவி, வலேரி ஹண்டர் கார்டன். 1947-ல் மூன்றாவது குழந்தை. துவைச்சுத் துவைச்சுச் சலிச்சுப்போச்சு. போரில் மிஞ்சிய பாராசூட் நைலானில் உறை தைத்து, உள்ளே பஞ்சும் மெல்லிய காகிதமும் சேர்ந்த திண்டை வைத்தார். திண்டை எறிஞ்சிடலாம், உறையைக் கழுவிக்கலாம். மற்ற அதிகாரிகளின் மனைவிகள் கேட்கக் கேட்க, வீட்டிலேயே தைத்துக் கொடுத்தார். பல கம்பெனிகள் மறுத்த பிறகு, 1949-ல் செஸ்டர்ஃபீல்டைச் சேர்ந்த ராபின்சன்ஸ் நிறுவனம் 'பேடி' என்ற பெயரில் அதைத் தயாரிக்க ஒப்புக்கொண்டது.

கவனிச்சீங்களா? இரண்டு பேரும் துவைச்ச கை. மறுத்த கம்பெனி முதலாளிகள் அந்த வேலையைச் செஞ்சு பார்த்தவங்க இல்ல.

பெரிய கம்பெனிக்கு இது புரிஞ்சதுக்கும் காரணம் துவைக்கிற அலுப்புதான். 1950-களில் பிராக்டர் அண்ட் கேம்பிளின் வேதிப் பொறியாளர் விக்டர் மில்ஸுக்குப் பேரக்குழந்தையின் துணியை மாற்றுவது பிடிக்கல. கம்பெனி அப்போதுதான், 1957-ல், சார்மின் என்ற காகித ஆலையை வாங்கியிருந்தது. முதல் மாதிரியைப் பிளாஸ்டிக் ஜட்டியோடு சேர்த்து டல்லஸ் நகரத்தில் சோதித்தார்கள். அந்த ஊர் வெயிலில் அது எடுபடல. பிறகு கையாலேயே 37,000 டயப்பர் செய்து, 1959-ல் ராச்செஸ்டரில் கொடுத்துப் பார்த்தார்கள். அது தேறியது. 1961-ல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரத்தில் 'பாம்பர்ஸ்' கடைக்கு வந்தது. ஒன்று 10 சென்ட். விலை அதிகம் என்று மக்கள் ஒதுக்கினார்கள். வேகமான இயந்திரங்கள் வந்து, விலை சுமார் 6 சென்ட் ஆன பிறகுதான் விற்பனை சூடுபிடித்தது.

அதே பியோரியாவில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. மாவுச்சத்தை மாற்றியமைத்து, தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு தண்ணீரைக் குடிக்கும் பொருளை அங்கே உருவாக்கினார்கள். அதே வகையைச் சேர்ந்த செயற்கைப் பொருள், சோடியம் பாலிஅக்ரிலேட், 1980-களில் டயப்பருக்குள் வந்தது. டயப்பரைப் பிரிச்சா ஜெல்லி மாதிரி வருமே, அதுதான். தடிமன் குறைந்தது, ராத்திரி முழுக்கத் தாங்கியது. கூடவே பிளாஸ்டிக்கும் கூடியது.

வீட்டு வாளி காலியாச்சு, ஊர்க் குப்பைமேடு நிறைஞ்சது. 1990-ல் அமெரிக்காவில் இது பெரிய சண்டையாக வெடித்தது. பிராக்டர் அண்ட் கேம்பிள் பணம் கொடுத்த ஆய்வு, துணி ஒன்றும் உசத்தியில்லை என்றது. துணி டயப்பர் சலவைச் சங்கம் பணம் கொடுத்த ஆய்வு, துணிதான் நல்லது என்றது. இந்த மாதிரி ஆய்வைப் படிக்கும்போது காசு யார் கொடுத்தது என்று நான் முதலில் பார்ப்பேன்.

அதனால எனக்கு அதிகம் உதவியது இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட அறிக்கை. ஒரு குழந்தைக்கு இரண்டரை வருஷத்தில் தூக்கி எறியும் டயப்பரால் வரும் கரியமில வாயுக் கணக்கு சுமார் 550 கிலோ. துணியால் சுமார் 570 கிலோ. கிட்டத்தட்ட சமம்! ஆனால் மெஷினை நிறைத்துத் துவைத்து, வெளியே கொடியில் காயவைத்து, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணிக் கணக்கு 40 சதவீதம் குறையும். எல்லாவற்றையும் டிரையரில் போட்டால் கூடும்.

கொடியில் காயப்போடுறதும், அண்ணன் துணியைத் தம்பிக்குக் கட்டுறதும் நம்ம பாட்டிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. வெயிலுக்கும் நம்ம ஊர்ல பஞ்சமில்ல. தண்ணீர்தான் யோசிக்க வேண்டிய விஷயம். லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கிற தெருவுல துணிதான் கட்டணும்னு யாருக்கும் நான் பாடம் எடுக்க மாட்டேன்.

கடைசியா, அந்தக் கேள்விக்கு வருவோம். 2016-ல் வந்த இந்தியத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைப் பாதுகாப்பாகச் சுற்றிப் போடச் சொன்னது. அதற்கான உறையைத் தயாரிப்பாளரே கொடுக்கணும்னும் சொன்னது. நீங்க வாங்கின பாக்கெட்டுல உறை இருந்ததா? இல்லாட்டி பழைய செய்தித்தாளிலாவது சுற்றிப் போடுங்க. ஏன்னா, அம்மா கையிலிருந்து போன அந்த அழுக்கு இப்போ வந்து சேர்றது தூய்மைப் பணியாளர் கையில.

எங்க வீட்டு முடிவைச் சொல்லிடறேன். பகல்ல துணி, ராத்திரியும் பயணத்துலயும் டயப்பர். துணி துவைக்கிற முறை ஆளுக்கு ஒருநாள். எனக்குத் திங்கள், புதன், வெள்ளி. இந்த மூணாவது வாக்கியத்தை எழுதிக்காம, "துணிதான் நல்லது" என்று மட்டும் சொல்ற குடும்பத்துல வாளி யார் பக்கம் நகரும்னு உங்களுக்கே தெரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.