மட்டி ஓட்டிலிருந்து சோதனைக் குழாய் வரை

பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். இந்தக் கலப்பு நீரின் அடிச்சேற்றில் வாழும் மட்டி, நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துத் தனக்கு ஓடு கட்டிக்கொள்கிறது. மட்டி செத்தபின் ஓடு சேற்றில் கிடக்கும். அப்படிக் காலங்காலமாகப் படிந்த கிளிஞ்சலை வாரிச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது ஏரிக்கரையின் பழைய தொழில். சென்னையின் பழைய மாளிகைச் சுவர்களைப் பளிங்கு போல மின்னவைத்த சாந்தும் கிளிஞ்சல் சுண்ணாம்பால் ஆனதுதான்.

காளவாயில் கரியும் கிளிஞ்சலும் அடுக்கடுக்காக எரியும்போது, ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் ஓடு தன்னில் ஒரு பகுதியை இழக்கிறது. 100 கிராம் கால்சியம் கார்பனேட் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். மிஞ்சுவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் தெளித்தால் ஆவி கிளம்பப் பொரிந்து நீறும். நீறிய சுண்ணாம்பை நிறையத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டால் மேலே நிற்பது சுண்ணாம்பு நீர். ஒரு லிட்டரில் கரைந்திருப்பது இரண்டு கிராமுக்கும் குறைவு. ஆனாலும் பறிபோன அந்த வாயு எங்கே எதிர்ப்பட்டாலும் அது பிடித்துக்கொள்ளும்.

இதைக் கொண்டு மூச்சை முதலில் சோதித்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் வெளியேறும் வாயுவும் நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள வாயுவும் ஒன்றே என்று 1750களில் அவர் கண்டார். உள்ளே போகும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம், வெளியே வரும் காற்றில் சுமார் 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு. ஆக்சிஜன் 21இலிருந்து 16 சதவீதம் அளவுக்கு இறங்கும். நைட்ரஜனை உடல் பயன்படுத்துவதில்லை. ஈரமும் வெப்பமும் கூடும்.

பள்ளியில் ஒரு மாணவி குழல் வழியே ஊதுகிறாள், சுண்ணாம்பு நீர் பாலாக மாறுகிறது, வகுப்பு கைதட்டுகிறது. பல இடங்களில் சோதனை அத்தோடு முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அது பாதிச் சோதனை. சாதாரணக் காற்றைச் செலுத்தினாலும் சுண்ணாம்பு நீர் கலங்கும், நேரம்தான் அதிகமாகும். ஆகவே இரண்டாவது குழாய் ஒன்று வேண்டும். அதில் மீன் தொட்டிக்கு வைக்கும் சிறு பம்பால் வகுப்பறைக் காற்றைச் செலுத்தலாம். இங்கே நாம் வேண்டுமென்றே மாற்றுவது காற்றின் வகை. அதுதான் சாரா மாறி. கலங்க ஆகும் நேரம் சார்ந்த மாறி. சுண்ணாம்பு நீரின் அளவு, அதை வடித்த நாள், குழாயின் அகலம், குமிழி எழும் வேகம் ஆகியவை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும், நேர வித்தியாசம் காற்றால் வந்ததா, பிசகால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

எளிதில் கண்ணுக்குத் தப்பும் மாறி ஒன்றும் உண்டு. அமைதியான மூச்சு ஒன்றில் பெரியவர்களுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் காற்று போய் வருகிறது. அதில் ஏறக்குறைய 150 மில்லி லிட்டர் மூச்சுக்குழலோடு நின்றுவிடும்; நுரையீரலின் காற்றறைகளைத் தொடுவதில்லை. வெளிவிடும்போது முதலில் வருவது அந்தக் காற்றுதான், உள்ளே போனபடியே. சட்டென்று சிறிதாக ஊதும் பையனின் குழாய் தாமதமாகவும், நீளமாக ஊதும் பையனின் குழாய் சீக்கிரமாகவும் கலங்குவதற்கு இது ஒரு காரணம். அதை வைத்து யாருடைய நுரையீரல் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது.

குழாயில் படியும் அந்த வெண்மை கால்சியம் கார்பனேட், கிளிஞ்சலின் அதே பொருள். காளவாய் பறித்ததை மூச்சு திருப்பித் தந்திருக்கிறது. விடாமல் ஊதினால் அது கால்சியம் பைகார்பனேட்டாகிக் கரைந்து நீர் மறுபடி தெளியும். ஏரியில் மட்டி எடுத்துக்கொண்ட வடிவமும் இதுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு நீர் காரத்தன்மை கொண்டது. பிள்ளைகள் உறிஞ்சிவிடாமல் ஊதச் சொல்லுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி கொடுங்கள். எத்தனை அவசரமானாலும் இரண்டாவது குழாயை வைக்காமல் விடாதீர்கள்.