மழைக்காக மலையேறின சூரியக் கணக்கு

கொடைக்கானல் போனா நாம என்ன பண்ணுவோம்? ஏரியில படகு, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட் நாலு பாக்கெட். கொஞ்சம் மேலே ஏறினா 'அப்சர்வேட்டரி'ன்னு ஒரு இடம் இருக்கு. டிரைவர் அண்ணன் "அங்க ஒண்ணும் இல்ல சார், டெலஸ்கோப்புதான்"னு சொல்லி வண்டியைத் திருப்பிடுவாரு. நாமளும் சரின்னுடுவோம்.

அந்த ஒண்ணும் இல்லாத இடத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

கடல் மட்டத்துல இருந்து 2,343 மீட்டர். 1899 ஏப்ரல் 1-ம் தேதி ஆரம்பிச்ச நிலையம். (தேதியைப் பார்த்து சிரிக்காதீங்க, அரசாங்கக் கணக்கு வருஷம் அன்னைக்குத்தான் தொடங்குது.) இன்னைக்கு அது சூரியனை ஆராயற இடம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அது மலைமேல வந்ததுக்குப் பின்னாடி இருக்கற காரணம் சூரியன் இல்ல, சோறு.

தாது வருஷப் பஞ்சம்னு தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீங்க. 1876-78. தென்னிந்தியாவும் தக்காணமும் காஞ்சு போச்சு. செத்தவங்க 55 லட்சம் பேர்னு பரவலா சொல்ற ஒரு மதிப்பீடு இருக்கு. எங்க அரக்கோணம் அப்போ இருந்த வட ஆற்காடு மாவட்டமும் நல்லா அடிவாங்கின மாவட்டங்கள்ல ஒண்ணு. இதுல எனக்கு உறுத்தற விஷயம் என்னன்னா, 1856-லேயே ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் விட்டாச்சு, அந்தப் பாதையிலதான் அரக்கோணம். பஞ்சம் வந்தப்போ தானியம் கொண்டுவர ரயில் இருந்துச்சு. வாங்கறதுக்குத்தான் ஜனங்க கையில காசு இல்ல. நிவாரண வேலைக்குப் போனவனுக்கு ஒரு கட்டத்துல நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும். ஒரு பவுண்டுன்னா சுமார் 450 கிராம். அதைத் தின்னுட்டு மண் சுமக்கணும். அதே சமயம், 1877 ஜனவரி 1-ம் தேதி வைஸ்ராய் லிட்டன் டெல்லியில தர்பார் நடத்திட்டிருந்தாரு, விக்டோரியா மகாராணி இந்தியாவுக்குப் பேரரசி ஆனதைக் கொண்டாட.

இந்த நேரத்துலதான் ஒரு ஐடியா கிளம்புச்சு. 1877-ல டபிள்யூ.டபிள்யூ. ஹன்ட்டர்ங்கற அதிகாரி சென்னையோட மழைக்கணக்கை எடுத்து வச்சு, சூரியப் புள்ளிகள் கூடறதும் குறையறதும் 11 வருஷத்துக்கு ஒரு சுற்றுன்னா, மழையும் பஞ்சமும் அதோட சேர்ந்தே ஆடுதுன்னு எழுதினாரு. நார்மன் லாக்யர்ங்கற பெரிய விஞ்ஞானியும் அவரோட சேர்ந்துகிட்டாரு. அரசாங்கத்துக்கு இது எவ்வளவு வசதி பாருங்க! பஞ்சத்துக்குக் காரணம் சூரியன்னு ஆயிட்டா அப்புறம் கவர்னரை யார் கேள்வி கேட்க முடியும்? ஆனா நோக்கத்தை மட்டும் வச்சு இதை ஒதுக்கிடவும் முடியல. அடுத்த பஞ்சம் எப்போன்னு முன்னாடியே தெரிஞ்சா உயிரைக் காப்பாத்தலாம்னு உண்மையிலேயே நம்பினவங்களும் அதுல இருந்தாங்க. பஞ்ச கமிஷனும் சூரியனைத் தொடர்ந்து கவனிக்கணும்னு சொல்லுச்சு.

சென்னை நுங்கம்பாக்கத்துல 1792-ல இருந்தே ஒரு வானாய்வகம் இருந்தது. அதோட தலைவர் நார்மன் போக்சன் மலைமேல பெரிய டெலஸ்கோப் வேணும்னு கேட்டாரு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில இயற்பியல் பேராசிரியரா இருந்த மிக்கி ஸ்மித் பழனி மலை, நீலகிரின்னு ரெண்டு பக்கமும் போய் வானம் எங்க தெளிவா இருக்குன்னு பார்த்தாரு. 1891-ல போக்சன் செத்துப்போக, அந்த இடத்துக்கு மிக்கி ஸ்மித்தே வந்தாரு. கொடைக்கானல்னு முடிவாகி, 1895-ல கவர்னர் வென்லாக் அடிக்கல் நாட்டினாரு.

அப்போ கொடைக்கு வண்டி ரோடே கிடையாது. இப்போ நாம பஸ்ல வளைஞ்சு வளைஞ்சு ஏறற ரோடு முழுசாத் திறந்தது 1914 வாக்குலதான். அதுக்கு முன்னாடி அம்மையநாயக்கனூர்ல ரயிலை விட்டு இறங்கி, மலையடிவாரம் வரைக்கும் மாட்டு வண்டி, அப்புறம் நடை. இல்லேன்னா குதிரை, டோலி. கேம்பிரிட்ஜ்ல செஞ்ச ஸ்பெக்ட்ரோ ஹீலியோகிராஃப் (சூரியனை ஒரே ஒரு நிறத்துல மட்டும் படம் எடுக்கற கருவி) 1904-ல வந்தப்போ ரோடு இல்ல. அவ்வளவு கண்ணாடியும் இரும்பும் மேலே போனது மனுஷங்க உழைப்புல. சுமந்தவங்க பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

சரி, மேலே போனவங்க தினமும் என்ன பண்ணினாங்க?

முதல்ல வானிலை. இந்த இடம் இந்திய வானிலைத் துறைக்குக் கீழே 1971 வரைக்கும் இருந்தது. அதனால காலையில குறிப்பிட்ட நேரத்துக்கு, மழையோ பனியோ, ஒருத்தர் போய் கருவிகளைப் பார்த்தே ஆகணும். பாரமானியில ஒரு சின்ன விஷயம் இருக்கு: அதுல ஒட்டியிருக்கற தெர்மாமீட்டரைத்தான் முதல்ல படிக்கணும். ஏன்னா ஆள் பக்கத்துல நின்னாலே உடம்புச் சூடு ஏறி அளவு மாறிடும். அப்புறம்தான் பாதரசம். கடல் மட்டத்துல 76 செ.மீ. நிக்கற பாதரசம் அங்கே 58 செ.மீ. கிட்டதான் நிக்கும். அடுத்து வெள்ளை மரக்கூண்டைத் திறந்து ரெண்டு தெர்மாமீட்டர், ஒண்ணு சும்மா, இன்னொண்ணு ஈரத்துணி சுத்தினது. துணி காஞ்சிருந்தா கணக்கு போச்சு. மழைமானியைக் கண்ணாடிக் குவளையில ஊத்தி அளக்கணும். காத்து எந்தப் பக்கம், மேகம் எவ்வளவுன்னு வானத்தை அண்ணாந்து பார்த்து எழுதணும். இதுக்கு மட்டும் கருவி கிடையாது, கண்ணுதான். வெயில் அளவுக்கு ஒரு கண்ணாடி உருண்டை. அது வெயிலைக் குவிச்சு அட்டையில கோடா சுட்டு வைக்கும், மேகம் வந்தா கோடு அறுந்துடும். ராத்திரி அந்த அட்டையை எடுத்துட்டு மறுநாளுக்குப் புதுசு வைக்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கருவி இதுதான். பேட்டரி வேணாம், ரீஸ்டார்ட் பண்ண வேணாம் :)

அப்புறம் சூரியன். கொடையில காலையில சூரியன் உதிச்சு முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் காத்து அலையாம பிம்பம் தெளிவா கிடைக்கும். அதுக்குள்ள குவிமாடத்தைத் திறந்து, கண்ணாடித் தட்டுல படம் எடுத்து, இருட்டறையில கழுவி, தேதியும் நேரமும் எழுதி அடுக்கணும். 1904-ல இருந்து சாதாரண வெளிச்சத்துல படம், அதே காலத்துல ஆரம்பிச்சு கால்சியம் ஒளியில, 1912-ல இருந்து ஹைட்ரஜன் ஒளியிலயும். ஞாயித்துக்கிழமை லீவு எடுத்தா சூரியப் புள்ளி காத்திருக்குமா? நாம ஆணி புடுங்கறதா புலம்பறோமே, இவங்களது உண்மையான தினசரி ஆணி.

மலைமேல குடித்தனமும் சும்மா இல்ல. அந்த உயரத்துல தண்ணி 92 டிகிரி வாக்குலயே கொதிச்சிடும். பிரஷர் குக்கர் இல்லாத காலம். கீழேயிருந்து போன குடும்பத்துக்கு துவரம்பருப்பு வேகறதுக்கு எவ்வளவு விறகு ஆகியிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இயக்குநர்கள் பேரு எல்லாருக்கும் தெரியும். 1907-ல வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில சூரியப் புள்ளியில வாயு மையத்துல இருந்து வெளிப்பக்கமா ஓடறதைக் கண்டுபிடிச்சாரு, அது இன்னைக்கும் 'எவர்ஷெட் விளைவு'தான். அவரு மனைவி மேரியும் அங்கேயே சூரியச் சுடர்களை ஆராய்ஞ்சவங்க, நடுவுல தாந்தேயோட வானியல் பத்தி ஒரு புத்தகமே எழுதிட்டாங்க. ஆனா தினசரி வேலையைத் தாங்கினது சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் மாதிரி உதவியாளர்கள். நிலையத்தோட பழைய வெளியீடுகள்ல இவங்க பேரு வரும். முதல் இந்திய இயக்குநரா ஏ.எல். நாராயண் வந்தது 1937-லதான், அதாவது 38 வருஷம் கழிச்சு.

மழை என்னாச்சு? அதுதான் சோகம். நிலையம் ஆரம்பிச்ச அதே 1899-ல, வானிலைத் துறைத் தலைவர் ஜான் எலியட் பருவமழை நல்லா இருக்கும்னு அறிக்கை விட்டாரு. வந்தது கடும் வறட்சி, திரும்பவும் பஞ்சம். 1904-ல அவரு இடத்துக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணிதக்காரர். உலகம் பூரா இருந்து அழுத்தம், மழை, வெப்பம்னு எண்களை வரவழைச்சு, குமாஸ்தாக்களை உட்கார வச்சு கையாலேயே ஒட்டுறவுக் கணக்குப் போட்டாரு. இன்னைக்கு எக்செல்ல ஒரு ஃபார்முலா, அன்னைக்கு அது வருஷக்கணக்கான வேலை. சூரியப் புள்ளியை வச்சு இந்திய மழையைச் சொல்ற அளவுக்கு உறவு இல்லைங்கறது அதுல தெரிஞ்சது. ஹன்ட்டரோட கணக்கு நிக்கல. ஆனா அதே எண்கள்ல இன்னொண்ணு சிக்குச்சு: பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினா இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குது, ஒரு ஏத்தப்பலகை மாதிரி. 1924-ல அதுக்கு 'தெற்கத்திய அலைவு'ன்னு பேர் வச்சாரு. 1969-ல பியர்க்னஸ் அதை எல் நினோவோட முடிச்சுப் போட்டாரு. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னாடி இருந்ததும் மிக பலமான ஒரு எல் நினோதான்னு இப்போ தெரியும். மழையைக் கெடுத்தது கடல். அது ஏன் 55 லட்சம் சாவா மாறுச்சுங்கறதுக்கு கடலும் பொறுப்பில்ல, சூரியனும் பொறுப்பில்ல. அது அந்த 450 கிராம் கூலியில இருக்கு.

கேட்ட கேள்விக்குப் பதில் வரலைன்னு கொடைக்கானல்ல யாரும் டெலஸ்கோப்பை மூடல. 1971 ஏப்ரல் 1-ல வானிலைப் பிரிவை விட்டுட்டு சூரியப் பகுதி இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் போச்சு. கண்ணாடித் தட்டு, ஃபிலிம்னு நூறு வருஷத்துக்கு மேல சேர்ந்த படங்களை 4096-க்கு 4096 பிக்சல்ல டிஜிட்டல் ஆக்கி இணையத்துல வச்சிருக்காங்க. உலகத்துலயே இவ்வளவு நீளமான சூரியப் பதிவுகள் விரல்விட்டு எண்ணற அளவுதான். டேட்டா பக்கம் வேலை பார்க்கறவங்க ஒரு தடவை போய்ப் பாருங்க. வருஷத்தைத் தேர்ந்தெடுத்து நாள் நாளா நகர்த்தினா புள்ளி கிழக்குல இருந்து மேற்கா ஊர்ந்து போறது தெரியும். மழை மாசங்கள்ல படங்கள் குறைவா இருக்கும். அன்னைக்கு மேகம், ஆனாலும் யாரோ ஒருத்தர் எழுந்து போய் வானத்தைப் பார்த்துட்டுத்தான் வந்திருப்பாரு.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது கொடையிலயோ வேற எந்த மலைலயோ வானிலை அப்சர்வரா இருந்திருந்தா, அவங்க சொன்ன கதைகளைக் கொஞ்சம் எழுதி வைங்களேன். மேலே சொன்ன பருப்பு விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கலாம்.