கண்கட்டு வித்தை

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் வெள்ளீஸ்வரர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். மகாபலி வாமனனுக்குத் தாரை வார்க்கும்போது, வண்டாக மாறிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்துக்கொண்டாரே சுக்ராச்சாரியார்... தர்ப்பை குத்திப் போன அவருடைய கண், இங்கே வந்து வழிபட்டபிறகு திரும்பக் கிடைத்தது என்கிறது தல புராணம். கண்ணில் கோளாறு என்றால் இன்றும் இங்கே வந்து வேண்டிக்கொள்பவர்கள் உண்டு.

பக்கத்திலேயே ராயப்பேட்டை. அங்கே 1819-ல், கம்பெனி ஆட்சிக் காலத்தில், கண்ணுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தொடங்கப்பட்டது. லண்டனின் பிரபல மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி ஆரம்பித்தே அப்போது 14 வருஷம்தான் ஆகியிருந்தது! உலகின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் நம்முடையதும் ஒன்று. 1880-களில் அது எழும்பூருக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

1904-ல் அந்த ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டராக வந்தார் ராபர்ட் ஹென்றி எலியட். (பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு எலியட்!)

எலியட்டிடம் வந்த நோயாளிகளில் பலர் ஏற்கெனவே கண்ணைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள். காரணம், ஊர் ஊராகச் சுற்றிய கண் வைத்தியர்கள். புரை விழுந்த கண்ணில் ஊசியை விட்டு, வெண்மை படிந்த லென்ஸை அப்படியே பின்பக்கம் தள்ளிவிடுவார்கள். சுஸ்ருதர் காலத்திலிருந்து வந்த பழைய முறை. லென்ஸ் விலகியதும் வெளிச்சம் உள்ளே பாயும். வருஷக்கணக்கில் இருட்டில் இருந்த பாட்டிக்குப் பேரன் முகம் மங்கலாகவாவது தெரியும். குடும்பமே கண் கலங்கி, காசை எண்ணிக் கொடுக்கும். வைத்தியர் அடுத்த ஊருக்கு நடையைக் கட்டிவிடுவார்.

அதற்கப்புறம்தான் வினை. சுத்தம் செய்யாத ஊசியால் சீழ் பிடிக்கும். அல்லது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கிடைத்த பார்வை சில வாரங்களில், சில மாதங்களில் ஒரேயடியாகப் போய்விடும். கேட்கலாம் என்றால் வைத்தியர் எங்கே? எலியட் கொதித்துப்போனார். இந்த முறையின் விளைவுகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார்.

கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கும் அவர் வழி தேடினார். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு, உள்ளே தேங்கும் நீரை வடியவிடும் ஆபரேஷன். 1909-ல் அவர் இதை அறிவித்ததும் உலகமே சென்னையைத் திரும்பிப் பார்த்தது.

இன்னொரு சுவாரஸ்யம். ஓய்வுபெற்று லண்டன் போன எலியட், அங்கே மேஜிக் நிபுணர்களின் சங்கத்தில் ஒரு குழுவுக்குத் தலைவரானார். இந்தியக் கயிறு வித்தையை நிஜமாகச் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று 1934-ல் அந்தக் குழு அறிவித்தது. பரிசு யாருக்கும் போகவில்லை! கண்கட்டு வித்தையின் சூட்சுமம் அவருக்குத் தெரியாதா என்ன? உடனே தெரியும் பலனில் மயங்க வைத்து, பின்னால் வரும் ஆபத்தை மறைப்பதுதானே அந்த ஊசி வைத்தியமும்!

‘அதெல்லாம் அந்தக் காலம் சார்’ என்கிறீர்களா? சரி, ‘மெட்ராஸ் ஐ’க்கு வருவோம். ஊர் பெயரை ‘சென்னை’ என்று மாற்றியும் இந்த வியாதியின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. பாதிக்கப்பட்டவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. கை, டவல், தலையணை உறை வழியாகத்தான் பரவுகிறது. பெரும்பாலும் வைரஸ். ஓரிரு வாரத்தில் தானாகவே அடங்கும்.

நாம் என்ன செய்கிறோம்? தி.நகரோ அடையாறோ, தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ‘ஒரு டிராப்ஸ் குடுங்க’ என்கிறோம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் மறுநாளே சிவப்பு குறையும். ‘ஆஹா, நல்ல மருந்து’ என்று பாட்டிலைப் பத்திரப்படுத்தி, கண் உறுத்தும்போதெல்லாம் ஊற்றிக்கொள்கிறோம். இப்படி வாரக்கணக்கில் போட்டால், சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். பெரும்பாலும் வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் சுருங்கும். எலியட் துளை போட்டு வைத்தியம் பார்த்த அதே கிளாக்கோமா!

ஆகவே, கண் சிவந்தால் கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டவலைத் தனியாக வையுங்கள். பார்வை மங்கினாலோ, வலித்தாலோ, வெளிச்சம் பார்த்தால் கூசினாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள். 40 வயது தாண்டியவர்கள் கண்ணாடி பவரோடு, கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பா, அம்மாவுக்குக் கிளாக்கோமா இருந்தால் இன்னும் ஜாக்கிரதை.

அதனால் போகும் பார்வை திரும்பி வராது. நாம் சுக்ராச்சாரியார் இல்லையே!